அம்மாவின் காதுச் சத்திரசிகிச்சை: கொழும்புத் தனியார் வைத்தியசாலை ஒன்றின் சேவை

அம்மாவின் இடது காதில் சிறுவயது முதலே விட்டுவிட்டுச் சீழ் வடிந்தது. தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விடுவதிலும் சொட்டு மருந்திலுமாக நாற்பது ஆண்டுகள் கழிந்தன. வெள்ளவத்தையில் எங்களோடு வந்து தங்கிய பின்னரே காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம்.

அந்த நிபுணருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கேட்டல் பரிசோதனையும் சீ.ரி. ஸ்கானும் முடிந்ததும், செவிப்பறையில் ஓட்டை இருப்பதோடு, தோல் உள்நோக்கி வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமாவும் இருப்பதைத் தாளில் வரைந்து காட்டினார். அது புற்றுநோயன்று எனினும், மருந்தால் கரையாது என்றும், விட்டுவைத்தால் முக நரம்பையும் மூளையுறையையும் எட்டக்கூடும் என்றும் விளக்கினார். காதைச் சீழின்றி ஆபத்தின்றி ஆக்குவதே முதல் நோக்கம், கேட்டல் அதற்கு அடுத்ததுதான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னதால், அம்மா வீண் நம்பிக்கையின்றித் தெளிவாகச் சம்மதித்தார்.

முழு மயக்கத்தில், காதின் பின்புறம் கீறி, நுணுக்குக்காட்டியின் உதவியுடன் நோயுற்ற எலும்பைக் குடைந்து அகற்றி, காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்துப் புதிய செவிப்பறையாகப் பொருத்தினார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுநாள் வீடு திரும்பினோம்.

குறை அங்கேதான் தொடங்கியது. வீட்டில் கவனிக்க வேண்டியவை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தன. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். தாதி அன்போடுதான் விளக்கினார், ஆனால் கட்டுப் போட்ட காதின் பக்கம் நின்று விளக்கினார். மூக்கைப் பலமாகச் சீறக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், காதில் தண்ணீர் படக்கூடாது என்பவற்றில்தான் புதிய செவிப்பறை ஒட்டுவது பெரிதும் தங்கியிருக்கிறது. சுவை நரம்பின் கிளையொன்று செவிப்பறையை ஒட்டிச் செல்வதால் நாக்கில் சில காலம் உலோகச் சுவை தோன்றலாம் என்பதும் அத்தாளில் இருந்தது. அதை அறியாத அம்மா, மாத்திரைதான் கசக்கிறதென்று எண்ணி, நுண்ணுயிர்க்கொல்லியை இரண்டு நாட்கள் விழுங்காமல் வைத்திருந்தார். நல்லவேளையாகக் கிருமித்தொற்று ஏற்படவில்லை.

இப்போது மூன்று மாதங்களாகின்றன. காது உலர்ந்திருக்கிறது, கேட்டலும் ஓரளவு கூடியிருக்கிறது. நோய் மீளக்கூடும் என்பதால் தொடர்ந்து காட்ட வேண்டும். சென்ற முறை போனபோது, அந்த அறிவுறுத்தல்களை நானே தமிழில் எழுதி, நிபுணரிடம் ஒருமுறை சரிபார்த்து, விடுதித் தாதியிடம் பத்துப் பிரதிகள் கொடுத்துவிட்டு வந்தேன்.