பிராங்பர்ட் டிக்கெட் எடுக்கிறவர்கள் விமான நிலையத்தின் முழுப்பெயரைக் கேளுங்கள்

லண்டனிலிருந்து பிராங்பர்ட்டுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். முகூர்த்தம் காலை பதினொன்றரைக்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக நேரம் உட்கார முடியாது. இதையெல்லாம் சொல்லித்தான் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் கேட்டேன். "ஒன்றரை மணி நேரப் பயணம்தான் அண்ணா, ஒன்பது மணிக்கு பிராங்பர்ட்டில் இறங்கிவிடுவீர்கள்" என்றார் அங்கிருந்தவர். ஏர்போர்ட்டிலிருந்து ஊர் எவ்வளவு தூரம் என்றும் கேட்டேன். "பக்கம்தான்" என்றார்.

இறங்கிய இடம் பிராங்பர்ட்-ஹான். பெயரில்தான் பிராங்பர்ட் இருக்கிறது. நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி, ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில் இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்க விமானப்படைத் தளமாக இருந்த இடம். மாநிலமே வேறு: பிராங்பர்ட் ஹெஸ்ஸனில், இது ரைன்லாந்து-பலாட்டினேட்டில். ரயில் கிடையாது, பஸ்தான். பிராங்பர்ட்டின் பெரிய விமான நிலையத்தில் இறங்கியிருந்தால் எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரத்துக்குள் நகரின் மத்திய ரயில் நிலையத்துக்குப் போயிருக்கலாம்.

பாஸ்போர்ட் வரிசையிலிருந்து வெளியே வருவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொரு மணிக்கு. அதிலும் ஒன்றே முக்கால் மணி நேரம். அம்மா நடுவழியிலேயே காலை நீட்ட முடியாமல் தவித்தார். மண்டபத்துக்குள் நுழையும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தாலி கட்டுவதைப் பார்க்கத்தான் அம்மா இத்தனை தூரம் வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஏஜென்சி சொன்ன ஒன்றரை மணி நேரம் பொய்யில்லை. ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்கு இறங்கினோம். ஜெர்மனி ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் பறந்தது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் புறப்பட்ட இடமும் லண்டனிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்டான்ஸ்டெட். அதற்காக வீட்டிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பினோம். வாசலிலிருந்து மண்டபம் வரை ஒன்பது மணி நேரம். இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர்தான்!

நஷ்ட ஈடு கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். 1500 கிலோமீட்டருக்கு உட்பட்ட விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் 250 யூரோ தரும் ஐரோப்பிய விதி இருக்கிறது. எங்கள் விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியதால் அது இங்கே உதவாது. ஏஜென்சியோ, டிக்கெட்டில் ஹான் என்று அச்சாகியிருக்கிறதே என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. வாய்விட்டுக் கேட்டதற்குப் "பக்கம்தான்" என்று சொன்ன பதிலைப் பற்றிப் பேச்சே இல்லை.

டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு எஃப்.ஆர்.ஏ. (FRA) என்று இருந்தால் பெரிய விமான நிலையம், எச்.எச்.என். (HHN) என்றால் ஹான். இப்படிப் பெயரில் மட்டும் நகரம் இருக்கும் விமான நிலையங்கள் வேறு ஊர்களிலும் உண்டு: ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா, ஓஸ்லோ டோர்ப் இரண்டுமே அந்தந்த நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பாரிஸ் பூவே 80-க்கு மேல். ஏஜென்சி மூலம் எடுப்பதாக இருந்தால் விமான நிலையத்தின் பெயர், நகரிலிருந்து தூரம், பஸ் நேரம் மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.