வார இறுதி விமானிக்கு ஏற்ற உரிமம் எது? அமெரிக்காவின் நான்கு வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஓட்டக் கற்க விரும்புபவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பிரைவேட் பைலட் உரிமம், ஸ்போர்ட் பைலட் உரிமம், இயந்திரமில்லா விமானமான கிளைடருக்குரிய உரிமம் ஆகிய மூன்றோடு, உரிமமே கேட்காத, ஒற்றை இருக்கை கொண்ட மிக இலகுவான அல்ட்ராலைட் நான்காவது. ரிக்ரியேஷனல் பைலட் என்று இன்னொன்றும் சட்டத்தில் உண்டு. குறைந்தது 30 மணி நேரப் பயிற்சியையும் மருத்துவத் தகுதியையும் கேட்டுவிட்டு, பிரைவேட் தரும் சுதந்திரத்தைத் தராமல் நிற்பதால் அதை நாடுவோர் மிக அரிது; இங்கும் அதை விட்டுவிடலாம்.

இந்த நான்கையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் குறைந்தபட்சப் பயிற்சி நேரத்தையே முதலில் எடுத்து வைக்கிறார்கள். பிரைவேட்டுக்கு 40 மணி, ஸ்போர்ட்டுக்கு 20 மணி, இயந்திர விமான அனுபவம் இல்லாதவர் கிளைடர் உரிமம் பெற 20 பறத்தல்கள் அடங்கிய 10 மணி, அல்ட்ராலைட்டுக்குச் சட்டப்படி ஒன்றுமே இல்லை. கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இந்த எண்கள்தாம் தேர்வுக்கு மிகக் குறைவாக உதவுபவை என்பது என் கருத்து. இவை விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வகுத்த கீழ் எல்லைகள் மட்டுமே. வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்கள் பிரைவேட் தேர்வுக்கு வரும்போது 60, 70 மணியைத் தொட்டிருப்பது சாதாரணம். ஸ்போர்ட் மாணவர்களும் 20 மணியில் முடிப்பது அரிது. இரு வாரத்துக்கு ஒருமுறை பாடம் எடுப்பவர், போன பாடத்தில் கைவந்ததை மீட்டெடுப்பதிலேயே அடுத்த பாடத்தின் பாதியைச் செலவிடுகிறார். காற்றும் மேகமும் ரத்து செய்யும் பாடங்கள் இந்த இடைவெளியை இன்னும் நீட்டிவிடுகின்றன.

நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் தரையிறக்கம்தான். ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன், விமானம் பத்துப் பதினைந்து அடி உயரத்தில் இருக்கும்போது, பார்வையை மூக்குக்கு அருகிலுள்ள தரையிலிருந்து எடுத்து ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், இறங்கும் வேகம் குறையக் குறைய மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். புதியவர் அருகிலுள்ள தரையையே பார்ப்பதால் அது விரைந்து வருவதுபோல் தோன்றுகிறது. அவர் அவசரப்பட்டு இழுக்கிறார். விமானம் மீண்டும் மேலெழுந்து, வேகம் இழந்து, பொத்தென்று விழுகிறது. இந்தப் பழக்கம் படிவதற்கு ஒருவருக்கு எத்தனை மணி நேரம் ஆகிறதோ அதுவேதான் ஸ்போர்ட்டுக்கும் ஆகும், பிரைவேட்டுக்கும் ஆகும். இரண்டுக்கும் இடையிலுள்ள 20 மணி வேறுபாடு அடிப்படை ஓட்டத்தில் இல்லை. பிரைவேட் கூடுதலாகக் கேட்பவற்றில் இருக்கிறது. 10 தரையிறக்கங்களோடு 3 மணி நேர இரவுப் பயிற்சி, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டும் 3 மணி, 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 278 கிலோமீட்டர், தன்னந்தனியாகச் சென்று வரும் ஒரு நெடும்பயணம் ஆகியவை அவற்றுள் சில. ஸ்போர்ட் கேட்கும் தனிப் பயணம் இதில் பாதிதான்.

அண்மைக் காலம் வரை இந்த இரு உரிமங்களையும் பிரித்தது விமானம். 2004-இல் ஸ்போர்ட் உரிமம் அறிமுகமானபோது, 600 கிலோவுக்கு மிகாத, இரண்டே இருக்கைகள் கொண்ட, நேர்மட்டத்தில் 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தைத் தாண்டாத இலகு விமானங்களுக்குள் அதை அடக்கிவைத்தார்கள். பயிற்சிப் பள்ளிகளில் தலைமுறைகளாக உழைத்துவரும் செஸ்னா 150-கூட எடை சற்று அதிகம் என்பதால் இந்த வரம்புக்கு வெளியே நின்றது. அதனால் ஸ்போர்ட் கற்க விரும்பியவர், பக்கத்து விமான நிலையத்தில் நான்கு செஸ்னாக்கள் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டே, இலகு விமானம் வைத்திருக்கும் பள்ளியைத் தேடித் தொலைவு போக வேண்டியிருந்தது. மலிவான உரிமம் என்று பெயர் இருந்தும் அது பரவாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

2025 ஜூலை 22 அன்று ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்ட மொசெய்க் விதிகள் இந்தச் சுவரை இடித்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபர் 22 முதல், எடைக்குப் பதிலாக ஸ்டால் வேகமே அளவுகோல். இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள மடிப்புகளான ஃபிளாப்புகளை இறக்காத நிலையில், இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் வேகம் 59 நாட்டுக்கு மிகாமல், இருக்கைகளும் நான்குக்கு மிகாமல் இருந்தால், ஸ்போர்ட் விமானி அந்த விமானத்தை ஓட்டலாம். செஸ்னா 150, 152, 172, பைப்பர் செரோக்கி என்று பள்ளிகளில் காணும் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிட்டன. இன்று ஸ்போர்ட் மாணவரும் பிரைவேட் மாணவரும் ஒரே செஸ்னா 172-இல், ஒரே பயிற்றுநரிடம் கற்க முடியும். அங்கே ஸ்போர்ட்டுக்காகச் செலவிட்ட ஒவ்வொரு மணியும் பின்னாளில் பிரைவேட் கணக்கிலும் சேரும். ஸ்போர்ட் பயிற்சிக்கு மட்டும் தகுதி பெற்ற பயிற்றுநரிடம் கற்ற நேரமும் 2018-இன் விதித் திருத்தத்துக்குப் பிறகு வீணாவதில்லை.

அப்படியானால் எஞ்சியிருக்கும் உண்மையான வேறுபாடுகள் என்ன? முதலாவது மருத்துவம், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பிரைவேட் விமானிக்கு எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவர் தரும் மூன்றாம் வகுப்புச் சான்று தேவை. 40 வயதுக்குட்பட்டவருக்கு அது 5 ஆண்டும், மற்றவர்களுக்கு 2 ஆண்டும் செல்லும். 2017 முதல் பேசிக்மெட் என்ற எளிய மாற்று வழி நடைமுறையில் இருந்தாலும், 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது முறையான மருத்துவச் சான்று வைத்திருந்தவருக்கே அது திறக்கும். ஆகவே புதிதாகத் தொடங்குபவர் அந்த மருத்துவரை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். ஸ்போர்ட் விமானிக்கோ அமெரிக்கக் கார் ஓட்டுநர் உரிமமும், தன் உடல்நிலை பற்றிய நேர்மையான சுயமதிப்பீடும் போதும். கிளைடர் விமானிக்கு அந்தக் கார் உரிமம்கூட வேண்டாம்; பறக்கத் தடையாக இருக்கும் குறை எதுவும் தனக்கு இல்லை என்ற உறுதி போதும்.

இதில் ஒரு பொறி உண்டு. ஒருவர் கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருந்தால், கார் உரிமத்தை வைத்து ஸ்போர்ட் விமானியாகும் வழியும் அவருக்கு அடைபட்டுவிடும். விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால் திறந்திருக்கும் கதவு, விண்ணப்பித்து மறுக்கப்பட்டால் மூடிக்கொள்கிறது. நம்மவர்களிடையே பரவலாகக் காணப்படும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சான்று கிடைக்கவே கிடைக்காது என்றில்லை; ஆனால் கூடுதல் ஆவணங்களும் சிறப்பு அனுமதியும் கேட்கப்படும், காலமும் பிடிக்கும். மனச்சோர்வுக்கான மருந்துகள் விஷயத்தில் நடைமுறை இன்னும் நீளமானது. இத்தகையவர்கள் எந்த உரிமம் என்பதை முதலில் தீர்மானித்து, விமான மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனையாக மட்டும் பேசிய பிறகே படிவத்தை நிரப்ப வேண்டும். அதே சமயம், மருத்துவரைத் தவிர்ப்பதற்காக மட்டுமே ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுப்பவர், உடல் தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பு அப்படியே தன் தலைமேல் வந்து சேர்கிறது என்பதையும் உணர வேண்டும்.

வேலை விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு இன்னொரு படியும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் ஸ்போர்ட், பிரைவேட் இரண்டில் எதைக் கற்பதாக இருந்தாலும், போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டி.எஸ்.ஏ.யின் பின்னணிச் சோதனைக்கு விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே பயிற்சியைத் தொடங்க முடியும். அறிமுகத்துக்காக ஒருமுறை பயிற்றுநருடன் பறந்து பார்ப்பதற்கு இது தேவையில்லை. கிளைடரும் பலூனும் இந்தச் சோதனைக்கு வெளியே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வேறுபாடு, அருகில் உட்காரப்போவது யார் என்பது. விமானத்தில் நான்கு இருக்கைகள் இருந்தாலும் ஸ்போர்ட் விமானி ஒரே ஒருவரைத்தான் ஏற்றிக்கொள்ளலாம். மனைவியோடும் இரு குழந்தைகளோடும் பறப்பதுதான் கனவு என்றால் பிரைவேட்டைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நான்கு இருக்கை என்ற சொல்லை முழுதாக நம்பிவிடவும் கூடாது. செஸ்னா 172-இன் பிற்கால வடிவம் ஒன்று ஏறத்தாழ 395 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொண்டால், முழுத் தொட்டி எரிபொருளே சுமார் 144 கிலோ. மீதி 250 கிலோவை நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 62 கிலோதான், அதுவும் பெட்டி ஏதும் இல்லாமல். நான்கு பெரியவர்கள் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் போகும் தூரம் சுருங்கும். நண்பர் ஒருவரையோ துணைவரையோ மட்டும் அழைத்துச் செல்பவருக்கு ஸ்போர்ட்டின் வரம்பு நடைமுறையில் உறுத்தாது.

மற்ற வரம்புகளில் இரவு ஒன்றுதான் கவனிக்கத்தக்கது. கூடுதல் பயிற்சியும், மருத்துவச் சான்றோ பேசிக்மெட்டோ இருந்தாலன்றி ஸ்போர்ட் விமானி இரவில் பறக்க முடியாது. வட மாநிலங்களின் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால், மதிய உணவுக்குப் பக்கத்து ஊருக்குப் போனவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையங்களுக்குப் போகப் பயிற்றுநரின் ஒப்புதல் வேண்டும் என்பது ஓரிரு பாடங்களில் தீர்ந்துவிடுகிற விஷயம்.

கிளைடர் இவற்றோடு ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாதது. இயந்திர விமானம் ஓரிடத்துக்குப் போவதற்கு. கிளைடர் மேலே இருப்பதற்கு. இழுவை விமானம் 2,000 அல்லது 3,000 அடி உயரத்துக்குக் கயிற்றால் இழுத்துச் செல்ல, அங்கே விமானி கயிற்றை விடுவித்துக்கொண்டு, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றைத் தேடி அதற்குள் வட்டமிட்டு உயர்கிறார். கண்ணுக்கு நேரே, கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்ட சாண் நீள நூல்தான் அங்கே முக்கியமான கருவி. நூல் நேராக நின்றால் கையும் காலும் ஒத்துழைக்கின்றன. ஒருபக்கம் சாய்ந்தால் சுக்கானை மிதிக்கும் கால் தூங்குகிறது என்று பொருள். செஸ்னாவில் சோம்பேறிக் காலோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட முடியும். கிளைடரில் அந்த நூல் ஒவ்வொரு திருப்பத்திலும் காட்டிக்கொடுத்துவிடும். தரையிறங்கும்போது மறுவாய்ப்பும் கிடையாது. இயந்திரம் இல்லாததால் மீண்டும் மேலெழுந்து சுற்றி வர இயலாது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றபோது, கிளைடர் அனுபவம் கொண்ட கேப்டன் ராபர்ட் பியர்சன், விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைக்கும் கிளைடர் உத்தியைக் கையாண்டு, மானிடோபாவின் கிம்லியிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் அதை இறக்கினார்.

செலவும் இங்கே குறைவு. கிளைடர் மன்றங்கள் பலவற்றில் பயிற்றுநர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். இழுவைக்கும் விமான வாடகைக்கும் மட்டும் கொடுத்தால் போதும். பணத்தில் மிச்சமாவதை நேரமாகக் கட்ட வேண்டும் என்பதுதான் சங்கதி. உங்கள் முறை வரும் இருபது நிமிடத்துக்காக நாள் முழுதும் களத்தில் நின்று, பிறர் கிளைடரைத் தள்ளி, இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி, கயிறு மாட்டி உதவ வேண்டும். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிந்தவருக்கு இது ஒத்துவராது. 14 வயதில் தனியாகப் பறக்கவும் 16-இல் உரிமம் பெறவும் அனுமதி இருப்பதால், பறக்கத் துடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நான் முதலில் காட்டுவது கிளைடர் மன்றத்தைத்தான்.

அல்ட்ராலைட்டை நான் கடைசியில் வைப்பேன். 1982-இல் வந்த, எஃப்.ஏ.ஏ. விதித்தொகுப்பின் 103-ஆம் பகுதியின்படி, ஒற்றை இருக்கை, 254 பவுண்டுக்குக் குறைவான வெற்றெடை, 5 கேலன் எரிபொருள், 55 நாட் உச்ச வேகம் ஆகிய வரம்புகளுக்குள் இருந்தால் உரிமமோ மருத்துவமோ பதிவோ தேவையில்லை. மக்கள் நெருக்கமுள்ள இடங்களின் மேல் பறக்கக் கூடாது. பகலில் மட்டுமே பறக்கலாம். சட்டம் பயிற்சியைக் கேட்கவில்லையே தவிர, ஒற்றை இருக்கை என்பதால் முதல் பறத்தலே தனிப் பறத்தலாகிவிடுகிறது. பயிற்றுநர் உட்கார இடமே இல்லை. எடை குறைந்து காற்றுத்தடை மிகுந்த இந்த வண்டிகளில் இயந்திரம் நின்றால் வேகம் நொடிகளில் வடிந்துவிடும். உடனே மூக்கைக் கீழே அழுத்தாவிட்டால் ஸ்டால்தான். இரட்டை இருக்கை இலகு விமானத்தில் முறையாகக் கற்றுத் தேறிய பிறகு, அமைதியான அதிகாலைகளில் வயல்களுக்கு மேல் தாழப் பறக்க இதைப் போன்ற இன்பம் வேறில்லை. விலக்கு இருக்கிறதே என்று இதிலேயே தொடங்குவது மடமை.

இனி பணம். செஸ்னா 172-இன் வாடகை எரிபொருளோடு மணிக்கு 150 முதல் 200 டாலர் வரை பல ஊர்களில் கேட்கிறார்கள். பயிற்றுநருக்கு 60 முதல் 90 டாலர் தனி. நடைமுறையில் ஆகும் மணிக்கணக்கை வைத்துப் பார்த்தால் பிரைவேட் 12,000 டாலரைத் தாண்டாமல் முடிவது கடினம். ஸ்போர்ட்டை அதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் முடிக்கலாம். ரோட்டாக்ஸ் இயந்திரம் பூட்டிய இலகு விமானம் கிடைக்கும் ஊரில் எரிபொருள் செலவு ஏறத்தாழப் பாதியாகும். அதே சமயம், முதலில் ஸ்போர்ட், பிறகு பிரைவேட் என்று படிப்படியாகப் போனால் எழுத்துத் தேர்வும் இரண்டு, செய்முறைத் தேர்வும் இரண்டு. செய்முறைத் தேர்வாளர் தனியாக வாங்கும் கட்டணம் பல நூறு டாலர். எனவே இரவிலோ குடும்பத்தோடோ பறக்கப்போவது உறுதி என்றால் நேரே பிரைவேட்டுக்குப் போவதே சிக்கனம். அந்த உறுதி இல்லாதவரும், மருத்துவப் படிவத்தைக் கண்டு தயங்குபவரும் ஸ்போர்ட்டை, அதுவும் பிற்காலத்தில் பிரைவேட்டுக்கும் பயன்படும் விமானத்தில், தொடங்கலாம்.

பள்ளியில் சேர்வதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். உரிமம் வாங்கிய பிறகு இதே விமானத்தை ஸ்போர்ட் விமானிக்கு வாடகைக்கு விட அவர்களுடைய காப்பீடு இடம் கொடுக்கிறதா என்பது ஒன்று. விதி மாறினாலும் காப்பீட்டு நிறுவனம் உடனே மாறிவிடும் என்று சொல்ல முடியாது. அந்தப் பகுதியில் செய்முறைத் தேர்வுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது மற்றது. தேர்வுக்குத் தயாராகிவிட்ட மாணவர் தேதி கிடைக்கும்வரை கை மறந்துபோகாமலிருக்க எடுக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.