வீடுகள் புதுசு, பந்திக்கு இடமில்லை: தெற்குக் கரை விடுமுறைப் பூங்கா அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, ஹிப்பர்டீன் தாண்டி, போர்ட் ஷெப்ஸ்டனுக்கு முன்னால் இருக்கிற அந்தக் கடலோர விடுமுறைப் பூங்காவை இடித்துப் புதிதாகக் கட்டியதிலிருந்து, டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இனிமேல் அங்கே போகலாமா, வேண்டாமா? ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பழைய பூங்காவில் வளர்ந்தவன் நான். புதுசானபிறகும் டிசம்பரிலும் ஜூலையிலும் போய்த் தங்கிவிட்டேன். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன். வேலை இன்னும் முடியாததால் பூங்காவின் பெயரைப் போடவில்லை.

எங்கள் குடும்பம் அங்கே போக ஆரம்பித்தது 1990களின் தொடக்கத்தில். அதற்கு முன் போயிருக்கவே முடியாது. நிறவெறி ஆட்சி 1953-இல் கொண்டுவந்த தனி வசதிகள் சட்டத்தின் கீழ் எந்த மணலில் யார் உட்காரலாம் என்று பலகை வைத்திருந்த காலம் அது. எங்கள் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் கடல் என்றால் இசிப்பிங்கோ, இல்லாவிட்டால் வடக்கே லா மெர்சி. லாரியில் அண்டாவை ஏற்றிக்கொண்டு காலையில் போய், இருட்டுவதற்குள் திரும்புவார்கள். கடலோரத்தில் ஒரு ராத்திரி படுத்து எழுந்ததில்லை. 1989 நவம்பரில் எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் என்று அன்றைய ஜனாதிபதி டி கிளர்க் அறிவித்தார். அடுத்த ஆண்டு அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அதற்கப்புறம்தான் அப்பா இந்தப் பூங்காவில் இடம் பிடித்தார். கூடாரம் அடித்த கையோடு ஆயாவைக் கடலைப் பார்த்த மாதிரி நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். அதனால் அறை, விலை, வசதி என்று மட்டும் பார்த்து இந்த இடத்துக்கு மதிப்பெண் போட என்னால் முடியாது.

பழைய பூங்கா அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். புல்வெளியில் வரிசை வரிசையாகக் கேரவன் நிறுத்தும் இடங்கள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான அப்லூஷன் பிளாக் (குளியலறை, கழிவறைக் கட்டடம்), ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன வீடுகள். அவ்வளவுதான். டிசம்பர் 16-க்கு அப்புறம் கூட்டம் ஏறினால் காலையில் வெந்நீர் நான்கு பேருக்குமேல் வராது. பெண்கள் பகுதியில் பாதித் தாழ்ப்பாள்கள் வேலை செய்யாது. ஆனால் பக்கத்து பக்கத்து இடங்களை மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பெரிய தார்ப்பாயைக் கட்டிவிட்டால் அதுதான் கூடம், அடுக்களை, குழந்தைகள் படுக்கும் இடம் எல்லாம். விறகடுப்பில் அண்டா ஏறும். பெரியப்பா பிள்ளைகள், அத்தை வீட்டார், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வாழையிலையோ பேப்பர் தட்டோ வாங்கிக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். கல்யாணப் பந்திக்கும் அதற்கும் வித்தியாசம் காலடியில் மணல் இருந்தது மட்டும்தான்.

இடித்துக் கட்டியது தவறா என்றால், இல்லை. 2007 மார்ச்சில் வந்த பேரலையை எங்கள் நேட்டால் கரையில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் அலையும் வருஷத்தின் உச்ச நீர்மட்டமும் ஒரே சமயத்தில் சேர்ந்து கரையைக் கடித்துக்கொண்டு போயின. இந்தப் பூங்காவில் முன்வரிசைப் புல்வெளியின் ஒரு பகுதி அப்போதே போய்விட்டது. பிறகு மணல்மூட்டை போட்டுத்தான் ஓட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் புதிதாகப் பயன்படுத்துவதை 2008-லேயே நாடு தடை செய்துவிட்டது. பழைய கூரைகளோ வருஷத்துக்கு வருஷம் விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ரயில் பாதைக்கு அடியில் கடலுக்குப் போகும் சுரங்க வழி சேற்றால் அடைத்துக்கொண்டது. தெற்குக் கரை ரயில் பாதை பல இடங்களில் மணலை ஒட்டியே ஓடுவது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அந்தச் சுரங்க வழி அடைபட்டால் கடல் கண்ணுக்குத் தெரியும், கால் போகாது. அந்த நிலையில் இருந்த இடத்தை அப்படியே விட்டிருந்தால் நாலைந்து வருஷத்தில் பூட்டியிருப்பார்கள்.

புதுசில் மிக நன்றாகச் செய்திருப்பது வயதானவர்களுக்கான ஏற்பாடு. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து கடற்கரை வரைக்கும் படியே இல்லாமல் சாய்வுப் பாதை போட்டிருக்கிறார்கள், ஓரமாகக் கைப்பிடி, சுரங்க வழிக்குள் விளக்கு, தண்ணீர் வடிய வாய்க்கால். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மா ரொம்ப காலத்துக்குப் பிறகு தானாக நடந்துபோய் அலையில் கால் நனைத்தார். காலையில் யாருக்கும் சொல்லாமல் போய்க் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டும் வந்தார். இந்த ஒன்றுக்காகவே இதைக் கட்டியவர்களுக்கு நன்றி சொல்வேன்.

தண்ணீர் விஷயம் அடுத்தது. தெற்குக் கரையில் கூட்டம் ஏறும் பருவத்தில் குழாய் நின்றுபோவது நமக்கெல்லாம் பழகிய தொல்லை. இப்போது ஒவ்வொரு கட்டடத்தின் பின்னாலும் ஜோஜோ டேங்க் என்ற பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. கூரையில் விழும் மழைத்தண்ணீர் தனி டேங்கில் சேர்ந்து கழிவறைக்குப் போகிறது. கூரையில் சோலார், உள்ளே இன்வெர்ட்டர். 2022, 2023-இல் மின்வெட்டோடு விடுமுறை எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குளியலறை. இதைப் பற்றி என் மனைவியும் அண்ணியும் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்: "பழைய இடத்தை நினைத்து நீங்கள் ஏங்குங்கள். ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தது நாங்கள்." அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நீச்சல் குளத்தை முதலில் நான் வேண்டாத செலவு என்றுதான் நினைத்தேன். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது குளம் எதற்கு? ஜூலையில் போனபோது காரணம் புரிந்தது. மத்தி மீன் கூட்டம் தெற்கிலிருந்து வரும் பருவத்தில், பின்னாலேயே சுறாவும் டால்ஃபினும் வருவதால், குளிப்பவர்களைக் காக்கக் கடலில் போட்டிருக்கும் சுறா வலைகளைத் தூக்கிவிடுவார்கள். கடலில் குளிக்கத் தடை. கோடை மழைக்கு அப்புறம் ஆற்றுத் தண்ணீர் கடலைக் காவி நிறமாக்கும்போதும் அப்படித்தான். பிள்ளைகளை அறைக்குள்ளேயே அடைத்து வைக்க முடியுமா? குளம் தேவைதான்.

சரி, மனம் ஒப்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

புது வீடு ஒன்றுக்கு ஆறு பேர்தான். ஏழாவது ஆள் கைக்குழந்தையாக இருந்தாலும் பெயர் பதிய வேண்டும். பகலில் வந்து போகிறவர்களுக்குத் தனிக் கட்டணம், கையில் பட்டை, மாலை 6 மணிக்கு வெளியேற வேண்டும். எந்த வீடு கிடைக்கும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. நாங்கள் மூன்று வீடு எடுத்தோம். ஒன்று கடல் பக்கம், ஒன்று குளத்துப் பக்கம், இன்னொன்று நுழைவாயிலை ஒட்டி. பக்கத்து பக்கத்தில் தரச் சொல்லி வரவேற்பில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "அங்கிள், சிஸ்டத்தில் மாற்ற எனக்கு அனுமதி இல்லை" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டின் முன்னால் ஒரு சின்ன எரிவாயு அடுப்பு உண்டு. நான்கு பேருக்கு இறைச்சி வாட்டலாம். விறகு கூடாது, அண்டா வைக்க இடமும் இல்லை. ஆக, ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியாகச் சமைத்து, தனித்தனியாகச் சாப்பிட்டு, அப்புறம் போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரே பூங்காவுக்குள்! பெரியம்மா இரண்டாம் நாள் ஒரு கிண்ணத்தில் மத்திக் குழம்பை மூடி எடுத்துக்கொண்டு, கடல் பக்க வீட்டிலிருந்து நுழைவாயில் பக்கம் வரைக்கும் நடந்து வந்தார். "எல்லோரும் வந்திருக்கிறோம் என்றுதானே வந்தேன், யாரையும் காணோமே" என்றார். இந்த இடத்தைப் பற்றி எனக்குள்ள வருத்தம் மொத்தமும் அதுதான். கட்டடம் நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற அளவுக்குமேல் ஒரு குடும்பம் இருக்கும் என்று வரைபடம் போட்டவர்கள் நினைக்கவே இல்லை. நம்மவர்கள் மட்டும் அல்ல. அண்டை இடங்களில் தங்கிய ஜூலு குடும்பங்களும் பாட்டி, சித்தி, பேரப்பிள்ளைகள் என்று பெரிய கூட்டமாகத்தான் வருவார்கள். அவர்களையும் இந்த டிசம்பரில் அதிகம் பார்க்கவில்லை.

மரங்களைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறார்கள். வெள்ளை மில்க்வுட் பாதுகாக்கப்பட்ட மரம், உரிமம் இல்லாமல் தொடக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். காட்டு வாழைத் தோப்பு மட்டும் பாதியாகிவிட்டது. குரங்குகள் அப்படியேதான் இருக்கின்றன. ரொட்டிப் பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு பூங்காவின் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை போகும். மேலே குடியிருப்பில் இருப்பவர்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் அந்த வழியாகத்தான் பாறைக்கு இறங்குவார்கள். அப்பாவுக்கு ஷாட் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அக்டோபரிலும் நவம்பரிலும் அதைப் பிடிக்கக் கூடாது, மற்ற மாதங்களிலும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்குதான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாறையில் கற்றது. இப்போது அந்தப் பாதையின் குறுக்கே மின்வேலி. சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். பாதுகாப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. திருட்டுப் பயம் இல்லாமல் கதவைத் திறந்து வைத்துத் தூங்கியது எனக்கும் நிம்மதிதான். ஆனால் 2008-இல் வந்த கடலோர மேலாண்மைச் சட்டம் கடலையும் கரையையும் பொதுமக்களின் சொத்து என்கிறது. அங்கே போய்வர மக்களுக்கு உரிமை உண்டு, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் அதற்குக் கட்டணம் வாங்க முடியாது என்றும் சொல்கிறது. பலகை பார்த்துத் திரும்பிப்போன குடும்பத்தில் வந்தவன் நான். வேறொருவர் அந்த வேலி முன்னால் நின்று திரும்புவதைப் பார்த்துக்கொண்டு என்னால் காபி குடிக்க முடியவில்லை.

விலை ஏறியிருக்கிறது. முன்பு ஒரு வாரத்துக்குக் கேரவன் இடத்துக்குக் கொடுத்த ரான்ட் இப்போது புது வீட்டில் இரண்டு இரவுக்குக்கூடப் போதாது. மே, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி நாளாகப் பார்த்துப் போனால் பாதிக்குப் பக்கமாக இறங்குகிறது, கூட்டமும் இல்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் சாய்வுப் பாதையை ஒட்டிய வரிசையைக் கேட்டு வாங்குங்கள். கணினியில் வராது, போன் செய்தால் குறித்துக்கொள்கிறார்கள். கடல் பக்க முதல் வரிசையில் தென்மேற்குக் காற்று எழும்பினால் முன்கதவைத் திறக்க முடியாது. இரண்டாம் வரிசை பரவாயில்லை. நான்கு ஐந்து பேர் மட்டும் என்றால் தயங்காமல் போகலாம், தெற்குக் கரையில் இந்த விலைக்கு இவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்க்கவில்லை. பெரிய குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது: வடக்கு ஓரத்தில் பழைய கேரவன் இடங்களில் ஒரு வரிசையையும் அதன் பொது பிராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும்) மேடையையும் இன்னும் இடிக்கவில்லை. அங்கே விறகு மூட்டலாம், தார்ப்பாய் கட்டலாம். போன ஜூலையில் ஒரு சாயந்திரம் மூன்று வீட்டாரும் அங்கே சேர்ந்து அண்டா வைத்தோம். காவலர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு போனார், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டத்தில் அந்த வரிசையையும் எடுத்துவிட்டு மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறார்களாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டருக்குள் வரும் இப்படிப்பட்ட பல கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முன் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். அறிவிப்பு வந்ததும் எழுத நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு கடிதம் தயாராக வைத்திருக்கிறோம். கட்டாதீர்கள் என்று அதில் கேட்கவில்லை. வடக்கு வரிசையில் பாதியையாவது பொதுச் சமையல் மேடையோடு விடுங்கள். சேர்ந்து பதிகிறவர்களுக்குப் பக்கத்து பக்கத்து வீடுகளைக் கொடுங்கள். ஒற்றையடிப் பாதைக்கு வேலியில் ஒரு கதவு வைத்து, விடியலிலிருந்து பொழுது சாயும்வரை திறந்து வையுங்கள். இந்த மூன்றும்தான். பழைய இடத்தில் தங்கியவர்கள் யாரானாலும் தனியாகவும் எழுதலாம். எழுதும்போது உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் சேர்ந்து தங்குவீர்கள், வருஷத்தில் எந்த மாதம் வருவீர்கள் என்று தவறாமல் குறிப்பிடுங்கள். பெரிய குடும்பங்கள் வருவதில்லை என்பதுதான் அந்த வரிசையை எடுப்பதற்கு நிர்வாகம் இப்போது சொல்லும் காரணம்.