ஷ்னாபெல் வாசித்த பேத்தோவன்: ஒலிப்பதிவுத் தொகுப்பு

பியானோக் கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை லண்டனில் பதிவுசெய்த, இசையமைப்பாளர் பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களும் (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்புகள்) அடங்கிய குறுந்தகட்டுத் தொகுப்பை, உப்புக்காற்றில் பியானோக் கம்பி துருப்பிடித்துவிடும் எங்கள் பாம்பன் கரையில் இருப்போர் தயங்காமல் வாங்கலாம். பழைய இசைத்தட்டுகளுக்கே உரிய இரைச்சல் உண்டு. விசைப்படகுச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது பொருட்டல்ல. 29ஆம் சொனாட்டாவின் தொடக்கப் பகுதியில், பேத்தோவன் குறித்த கடும் வேகத்தை எட்ட முயன்று ஷ்னாபெலின் விரல்கள் தடுமாறுவது வெளிப்படையாகவே கேட்கிறது. ஆயினும் பிழையற்ற வாசிப்பைவிட அந்தத் துணிவே எனக்கு உவப்பானது. மெதுவான பகுதிகளிலோ, ஒரு சுரம் அடங்கி அடுத்தது எழும் இடைவெளியைக்கூட அவர் அவசரப்படுத்துவதில்லை. வியன்னாவில் பியானோ ஆசிரியர் லெஷெட்டிட்ஸ்கியிடம் பயின்று, பெர்லினில் ஆசிரியராக இருந்து, நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் வெளியேறிய அவரிடம் கற்றவர்களுள் பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷரும் ஒருவர். பியானோ பயிலும் பிள்ளைகள் குருவையும் சீடரையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.