கிளிப் ஃபேன்: மதுரைத் தொட்டிக்குப் பத்துக்கு எட்டு மார்க், சென்னைத் தொட்டிக்கு ஐந்து

கத்திரி வெயில் வருவதற்கு முன்பே வளர்ப்பு மீன் கடைகளின் முன்வரிசைக்கு வந்துவிடும் சாமான் இது, மீன் தொட்டித் தண்ணீரின் சூட்டைக் குறைக்க. தொட்டியின் கண்ணாடி விளிம்பைக் கவ்விக்கொள்ளும் கிளிப், அதன் மேல் ஒன்று முதல் நான்கு குட்டி ஃபேன்கள், கூடவே ஒரு 12 வோல்ட் அடாப்டர். அட்டைப்பெட்டியில் ‘கூலர்’ என்று போட்டிருப்பார்கள். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். மண்பானை செய்யும் அதே வேலை.

அதனால்தான் ஒரே ஃபேன் ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஆவியாதலால் தண்ணீர் எவ்வளவு குளிரலாம் என்பதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒரு தரைமட்டம் உண்டு. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றிருக்கும் மதுரை மதியத்தில் அது சுமார் 24. கடற்காற்று ஏறிய சென்னையில் காற்று 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் தரைமட்டம் 29க்கு வந்துவிடும். எந்த ஃபேனும் அதுவரை இறக்காது, வெகு முன்னாலேயே நின்றுவிடும். மதுரை, திருச்சி பக்கம் 3, 4 டிகிரி எதிர்பார்க்கலாம். திருவான்மியூரில் 2 டிகிரி இறங்கினாலே காசுக்கு மோசமில்லை.

ஃபிரீசரில் உறையவைத்த பாட்டிலை மிதக்கவிடுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் ஐஸ் முழுக்க உருகி தொட்டிச் சூட்டுக்கு வந்தாலும் 100 லிட்டர் தண்ணீரை 1 டிகிரிதான் இறக்கும். அதே ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 6 டிகிரிக்கான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அறையிலிருந்து சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் அந்த ஆறும் கண்ணில் தெரியாது என்பது வேறு விஷயம். ஐஸ் அரை மணி நேரத்தில் சட்டென்று குளிரவைத்து, பிறகு மறுபடி ஏறவிடும். வெள்ளைப்புள்ளி நோய் எட்டிப்பார்ப்பது இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால்தான்.

வாங்கும்போது ஃபேன் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நான்கு குட்டி ஃபேன் வரிசையாக இருந்தால் பார்க்க ஜோர். ஆனால் இறக்கை சின்னதாக இருந்தால் அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், கொசு மாதிரி ரீங்காரம் வரும். படுக்கையறைத் தொட்டிக்கு இது ஆகாது. கம்ப்யூட்டரில் வரும் 120 மி.மீ. ஃபேன் ஒன்று இதைவிடச் சத்தமில்லாமல் வேலையை முடிக்கும். போன் சார்ஜரில் செருகும் 5 வோல்ட் மாடல்கள் ஓரடித் தொட்டிக்கு மேல் வீண். கண்ணாடி எத்தனை மி.மீ. என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தடித்த கண்ணாடியிலும் மேலே பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டியிலும் கிளிப் உட்காராது.

மாட்டும் விதம் முக்கியம். கண்ணாடி மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரக்காற்று வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் வலை போடுங்கள். ஃபைட்டர், கில்லி மீன்கள் இரண்டும் குதிக்கும். ஃபேனைத் தண்ணீரை நேராகப் பார்க்கவிடாமல் 30, 45 டிகிரி சாய்த்து, நீர்ப்பரப்பின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போகும்படி வையுங்கள். பரப்பு சலசலக்க வேண்டும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30 டிகிரியில் 7.5தான் கரையும், அந்தச் சலசலப்பு அதற்கும் உதவும். அடாப்டர் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். ஒயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாது.

கடைக்காரர் சொல்லாமல் விடும் சங்கதி தண்ணீர்க் குறைவு. இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் ஒரு லிட்டர் போனால் மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்கும். ஃபேன் ஓடும் கோடையில் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் போவது சாதாரணம். நான்கு நாள் கவனிக்காவிட்டால், பின்பக்கம் தொங்கும் ஃபில்டர் கரண்ட் கட்டுக்குப் பிறகு தண்ணீர் இழுக்காமல் வெறுமனே உறுமும். ஊற்றுவது என்ன தண்ணீர் என்பதும் கேள்வி. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 800 டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) உள்ள போர் தண்ணீரைத் தினம் ஒன்றரை லிட்டர் ஊற்றினால், 60 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 20 ஏறும். தண்ணீர் மாற்றாமல் விட்டால் மாதத்தில் 600. குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமானின் பெரிய குறை, தானாக நிற்கத் தெரியாது. இரவு ஏ.சி. போட்ட அறையில் காற்று வறண்டிருக்கும். அப்போது ஃபேன் ஓடினால் விடியும்போது தண்ணீர் 24க்கும் கீழே போயிருக்கும். 28, 30 டிகிரி கேட்கும் டிஸ்கஸ் மீன் அங்கே தாங்காது. தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டு நிறுத்தும் எஸ்டிசி 1000 வகை கன்ட்ரோலர் சில நூறு ரூபாய்தான், ஃபேனோடு சேர்த்தே வாங்குங்கள். அதன் அமைப்புகளில் எஃப்1இல் (வேண்டிய சூடு) 28, எஃப்2இல் (வித்தியாசம்) 1.0 வைத்தால் 29இல் ஓடத் தொடங்கி 28இல் நிற்கும். முதலில் பாதரச வெப்பமானியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எஃப்4இல் சரிசெய்யுங்கள். அடாப்டரின் 230 வோல்ட் லைன் கன்ட்ரோலரின் 7, 8ஆம் முனைகள் வழியாகப் போக வேண்டும். 5, 6 ஹீட்டருக்கானவை. மாற்றிக் கொடுத்தால் குளிரும்போது ஃபேன் ஓடும், சுடும்போது நிற்கும். ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது.

மாற்றாகக் கடைகளில் காட்டும் பெல்டியர் பெட்டிக்கு (கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் தகடு வைத்தது) சிபாரிசு கிடையாது. அறுபது வாட் இழுத்து, தண்ணீரிலிருந்து அதில் சின்னப் பங்குச் சூட்டைத்தான் எடுக்கிறது. எடுத்த சூட்டையும் தான் இழுத்த கரண்ட்டையும் சேர்த்து அறைக்குள்ளேயே விடுகிறது. ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நிஜமாகவே வேலை செய்யும், விலை ஃபேனைப்போல் பல மடங்கு. சென்னையில் கடல் தொட்டி, 20 முதல் 24 டிகிரிக்குள் வைக்க வேண்டிய கிரிஸ்டல் ரெட் இறால், இவற்றுக்கு வேறு வழியில்லை. தொட்டி ஸ்டாண்டின் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் சில்லர் தன் சூட்டிலேயே மூச்சுமுட்டும். கப்பி, மோலி, ஏஞ்சல் வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

சென்னையில் கொளத்தூருக்கு மீன் வாங்கப் போவதோடு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கும் ஒரு நடை போனால் இரண்டு 120 மி.மீ. ஃபேனும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரும் கிடைக்கும். ஃபேனின் ஸ்டிக்கரில் ஆம்பியரைப் பாருங்கள், 0.25 என்றால் இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர். கரண்ட் கட் நேரத்தில் இதையே 12 வோல்ட் பேட்டரியில் ஒரு ஃபியூஸ் போட்டு நேரடியாக ஓட்டலாம். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.