‘லைஃப்டைம்’ என்று பில் போட்ட சர்வர் லைசென்ஸ் 180 நாளில் முடிந்த கதை

நான் கிருஷ்ணகிரியில், காவேரிப்பட்டணம் சாலையில் உள்ள ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தமான கொள்முதலும் என் பொறுப்புதான். எங்களை ஏமாற்றிய அதே கோட்டேஷனை போன வாரம் பர்கூர் பக்கத்தில் வேறொரு தொழிற்சாலையில் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூன் 12, சாயங்காலம். சீசன் உச்சத்தில் இருந்தது. பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் எடைமேடையில் இருந்து ரோடு வரைக்கும் நின்றன. எடைமேடைப் பையன் ஓடிவந்து, “அக்கா, சிஸ்டம் நின்னுடுச்சு, டோக்கன் வரல” என்றான். போய்ப் பார்த்தால், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் மையமாக இருக்கும் சர்வர் அணைந்து கிடந்தது. ஆன் செய்தேன், வந்தது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி அணைந்தது. யூபிஎஸ் பார்த்தோம், ஏசி பார்த்தோம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொன்னோம். மூன்றாவது முறை அணைந்து வந்தபோதுதான், சர்வர் தானாகக் குறித்து வைக்கும் ஈவென்ட் லாகைத் திறந்தேன். உரிமக் காலம் முடிந்துவிட்டது, இனி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி நிறுத்தப்படும் என்று இருந்தது.

அன்று ராத்திரி முழுக்க கார்பன் பேப்பர் வைத்து டோக்கனைக் கையால் எழுதினோம். காலை பத்து மணிக்கே வந்த ஒரு பெரியவர், “ஏம்மா, இன்னும் எத்தினி நேரம்? பழம் சுருங்குது” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வெயிலில் நின்ற பழத்துக்கு எடை குறையும், அந்த நஷ்டம் அவர் தலையில்தான் விழும். விலை ஏற்கெனவே சரிந்து கிடந்த வருடம் அது. அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்றால், 2024 டிசம்பர் 14-ஆம் தேதி டீலர் போட்டுக் கொடுத்தது விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் சர்வர் மென்பொருளே இல்லை. மைக்ரோசாப்ட் யாருக்கும் இலவசமாகத் தரும் 180 நாள் சோதனைப் பதிப்பு. காலம் முடிந்தால் அது மணிக்கொருமுறை தானாக அணையும். அதன் வடிவமைப்பே அப்படி. டிசம்பர் 14-இல் இருந்து 180 நாள் எண்ணினால் சரியாக ஜூன் 12.

அந்த சாஃப்ட்வேர் பில்லில் நான்கு வரி இருந்தது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட், லைஃப்டைம், 1 எண்ணம், 1,50,000 ரூபாய். யூசர் லைசென்ஸ் 60 எண்ணம், 2,10,000. ‘சர்வர் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் என்டர்பிரைஸ், லைஃப்டைம்’ 1,60,000. அந்த மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேருக்கு எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் 70,000. மொத்தம் 5,90,000, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,06,200. சர்வர் பெட்டிக்கு பில் தனி.

இந்த நான்கு வரியிலும் என்ன தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது.

விண்டோஸ் சர்வர் 2016-இல் இருந்து உரிமம் ‘ஒரு எண்ணம்’ என்று வராது. சர்வரின் பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதியான கோர் எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் வாங்க வேண்டும். ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். எங்கள் சர்வரில் இரண்டு பிராசஸர், ஒவ்வொன்றிலும் 12 கோர். ஆக 24. ஒரு 16 கோர் பேக், நான்கு 2 கோர் பேக் என்று பில்லில் இருந்திருக்க வேண்டும். கோர் எண்ணிக்கையே இல்லாமல் ‘1 எண்ணம்’ என்று எழுதியிருந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியாது, இல்லை நமக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த யூசர் லைசென்ஸை கேல் என்பார்கள். சர்வரைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கோ, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கோ ஒன்று வாங்க வேண்டும். ஆளா, கம்ப்யூட்டரா என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். எங்கள் எடைமேடையில் ஒரு கம்ப்யூட்டர்தான், மூன்று ஷிப்டில் மூன்று பேர் உட்காருகிறார்கள். ஆள் கணக்கில் மூன்று, கம்ப்யூட்டர் கணக்கில் ஒன்று. லேப், ஸ்டோர்ஸ், பாய்லர் எல்லாம் இதே கதைதான். மொத்தம் 60 பேர், ஆனால் 22 கம்ப்யூட்டர். டிவைஸ் கேல் 22 போதும். ஷிப்ட் ஓடும் எந்த ஃபேக்டரியும் இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். டீலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை, அந்த 60 கேலும் எங்குமே இல்லை. தூரத்தில் இருந்தே சர்வரில் வேலை செய்ய உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கேல் வேறு, அதைச் சர்வரில் ஏற்ற வேண்டும். சாதாரண கேல் அப்படி எங்கும் ஏற்றுகிற பொருள் இல்லை. நம் கம்பெனி பெயரில் ஒரு ஆவணமாக மட்டுமே இருக்கும். அது இல்லாவிட்டாலும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடும். அதனால் விற்காமலே பில் போட இதைவிட வசதியான பொருள் கிடையாது. எங்களுக்குக் கொடுத்தது என்னவென்றால், 25 எழுத்து கீ ஒன்றைப் பேனாவால் எழுதிய ஒரு தாள். அந்த கீயும் எதிலும் போடப்படவில்லை.

மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் என்று போட்டதும் மைக்ரோசாப்ட் சிஸ்டம் சென்டரின் 180 நாள் சோதனைப் பதிப்புதான். அசல் வாங்கினாலும் அதுவும் கோர் கணக்கில்தான், 16-க்குக் குறையாமல். அதன் சொந்த வேலைக்குத் தேவையான எஸ்க்யூஎல் உரிமம் அதிலேயே சேர்த்தி. தனியாக 70,000 வாங்கியது வெறும் கொள்ளை. நூற்றுக்கணக்கான சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். ஒரு சர்வர், அதற்குள் தனித்தனி கம்ப்யூட்டர் போல ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கு எதற்கு? சர்வரை நிர்வகிக்க விண்டோஸ் அட்மின் சென்டர் என்ற கருவியை மைக்ரோசாப்டே 2018-இல் இருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது.

நடுவில் இரண்டு அறிகுறி வந்தது, இரண்டிலும் சமாதானம் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஜனவரியில், விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி 2பி பட்டியலை எடுத்தபோது சர்வர் பெட்டியின் பில் இருந்தது, சாஃப்ட்வேர் பில் இல்லை. 2பி-யில் வராத பில்லுக்கு நாம் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. போன் செய்தால், “அடுத்த மாசம் ஏத்திடுவோம் மேடம்” என்றார்கள். பிப்ரவரி நடுவில் ஐலோ வழியாக வீட்டிலிருந்து சர்வர் திரையைப் பார்ப்பது நின்றது. ஐலோ என்பது சர்வருக்குள் இருக்கும் தனி சிப், வேறு கம்பெனியில் ஐட்ராக் என்பார்கள். திரையை முழுதாகப் பார்க்க அதற்குத் தனி உரிமம் வேண்டும். அதிலும் 60 நாள் சோதனைக் கீயைப் போட்டிருக்கிறார்கள். “நெட்வொர்க் பிரச்சினை மேடம்” என்றார்கள். திரையின் வலது கீழ் மூலையில் இத்தனை நாள் பாக்கி என்று சின்ன எழுத்தில் வருவதைக் கேட்டதற்கு, “ஆக்டிவேஷன் ஆகுற வரைக்கும் அப்படித்தான் காட்டும்” என்று பதில். முழுப் பணமும் டிசம்பரிலேயே போய்விட்டது.

ஜூன் 13 காலையில் டீலர் சொன்னது: “ரினியூவல் மேடம், 2,40,000 ஆகும்.” லைஃப்டைம் என்று எழுதிய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன், லைஃப்டைம் என்றால் சர்வீஸ்தான், லைசென்ஸ் இல்லை என்கிறார். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

ஓசூரில் இருந்து வந்த ஒரு இன்ஜினியர் தம்பிதான் காப்பாற்றினார். சோதனைப் பதிப்பை ஒரு கமாண்டில் அசல் பதிப்பாக மாற்ற முடியும். ஆனால் அந்த சர்வர் டொமைன் கன்ட்ரோலராக, அதாவது எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வராக இருந்தால் அப்படி மாற்ற முடியாது. எங்களுடையது அதுதான். வேறொரு மெஷினில் டொமைனை ஏற்றி, பழையதை அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கி, அப்புறம் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு ராத்திரி. அதுவரை மணிக்கொருமுறை சர்வரை ஆன் செய்ய ஒரு ஆளை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம்.

இப்போது 24 கோருக்கு ஸ்டாண்டர்ட், 22 டிவைஸ் கேல் வாங்கியிருக்கிறோம். எங்கள் கம்பெனி பெயரும் உரிம விவரமும் சேர்ந்து மைக்ரோசாப்டில் இருந்தே மெயில் வந்தது. சர்வரைக் கண்காணிக்க ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஜாபிக்ஸ் போட்டிருக்கிறார் அந்தத் தம்பி. ஓப்பன் சோர்ஸ், உரிமக் கட்டணம் கிடையாது.

பணம் திரும்ப வரவில்லை. தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் கோர்ட்டில் நிற்காது என்று வக்கீல் சொன்னார். 2019 சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை. நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், மோசடிப் புகாரும் கொடுத்திருக்கிறோம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். சர்வரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, slmgr /dlv என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் ‘ஈவல்’ (Eval) என்ற சொல் எங்காவது இருந்தால் அது சோதனைப் பதிப்பு. எத்தனை நாள் பாக்கி என்பதும் அதிலேயே இருக்கும். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின் ஓட்ட விஎம்வேர் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: 2023 நவம்பரில் அதை பிராட்காம் வாங்கியது, டிசம்பரில் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. இன்றைக்கு யாராவது அதை லைஃப்டைம் என்று புதிதாக விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

பர்கூரில் நான் பார்த்த கோட்டேஷனில் தொகை மட்டும்தான் மாறியிருந்தது. அதே நான்கு வரி, அதே ‘1 எண்ணம்’, அதே ‘லைஃப்டைம்’. அட்வான்ஸ் செக் எழுதி மேஜையில் வைத்திருந்தார்கள். நல்லவேளை, கையெழுத்து ஆகவில்லை.