மூன்றரை வருடம், இரண்டு போன், ஒரே விசைப்பலகை

என் வேலை புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பது. இருபத்திரண்டு வருடமாகத் தமிழை அடித்தும் திருத்தியும்தான் பிழைப்பு ஓடுகிறது. 2022 ஜனவரியில் ஒரு பதிப்பாளர், "மின்னூல் ரெண்டு வகைப் போன்லயும் எப்படித் தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அதற்காக ஒரு ஐபோன் 13 வாங்கினேன். அதுவரை ஆண்ட்ராய்டு மட்டும்தான். அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒன்று, பேண்ட் பையில் ஒன்று. வேலைக்கென்று வாங்கினாலும் இரண்டையும் சொந்தப் போனாகவே புழங்குகிறேன். மூன்றரை வருடம் ஆகிவிட்டது, இப்போது எழுதலாம். வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் கேமராவைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பேன்.

முதலில் வீட்டு நிலவரம். என் மனைவியின் தம்பி 2014-லிருந்து ஐபோன். இதுவரை மூன்று மாற்றிவிட்டார், மூன்றும் ஐபோன்தான். பொங்கலுக்கோ காதுகுத்துக்கோ எல்லாரும் கூடினால், சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்ததும் பேச்சு எந்தப் போன் நல்லது என்பதில் போய் நிற்கும். "இன்னும் அதேதானா மாமா?" என்று ஆரம்பிப்பார். நானும் விடமாட்டேன். ஒரு முறை பேச்சு முற்றி, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டார். அப்புறம் இரண்டு நாள் என் மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

நாங்கள் யாருக்காகச் சண்டை போட்டோமோ அந்தக் கம்பெனிகள் தங்களுக்குள் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஐபோன் கம்பெனியான ஆப்பிள், ஆண்ட்ராய்டு போன் விற்கும் சாம்சங் மீது 2011 ஏப்ரலில் வழக்குப் போட்டது. ஏழு வருடம் இழுத்து 2018 ஜூனில்தான் சமரசம் ஆனது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2017-இல் வந்த ஐபோன் எக்ஸுக்கு ஓலெட் திரை செய்துகொடுத்தது சாம்சங்தான். 2020 அக்டோபரில் ஐபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும் சாம்சங் அதைக் கிண்டல் செய்து பதிவு போட்டது. மூன்று மாதத்தில் வந்த கேலக்ஸி எஸ்21 பெட்டியிலும் சார்ஜர் இல்லை. கணினிப் பக்கம் இது இன்னும் பழைய கதை. 1997 ஆகஸ்டில் பாஸ்டனில் நடந்த மேக்வேர்ல்டு கூட்டத்தில், மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்வதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். திரையில் பில் கேட்ஸ் முகம் தெரிந்ததும் கூட்டம் கூச்சல் போட்டது. ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாஃப்ட் தோற்றாக வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள் என்று ஜாப்ஸே அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக, ஒரு கம்பெனி மேல் வைக்கிற பிரியம் எல்லாமே பொய் என்று நான் சொல்லமாட்டேன். நான் காஞ்சிபுரம். எங்கள் பக்கம் நோக்கியா என்றால் அது வெறும் போன் இல்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தலையில் டார்ச் உள்ள அந்தப் போனை என் அப்பா கண்ணாடிக் கூட்டோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியது. எங்கள் தெருவிலிருந்தே பெண் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தச் சம்பளத்தில் தங்கச்சியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, வீட்டுக்குக் காங்கிரீட் போட்டவர்கள் உண்டு. அவர்கள் வேறு போன் வாங்குவார்களா?

பிறகு நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கில் சொத்து முடங்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. அதே இடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. அதே சாலை, அதே விடியற்காலை, வேறு பெயர் எழுதிய பஸ். எங்கள் தெருப் பெண்கள் நோக்கியா மேல் வைத்திருந்த பாசத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது மாதா மாதம் கைக்கு வந்தது. எனக்கும் என் மைத்துனருக்கும் அப்படி என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

எனக்கு இருந்தது பழக்கம். அதை விட்டால், உள்ளே மாட்டிக்கொண்ட சாமான். அது எப்படி மாட்டுகிறது என்பதை நான் போனுக்கு முன்பே கணினியில் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

2003-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு எழுத்துரு. திஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கு ஒரு குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினிக்குள் எண்ணாக வைக்கும் முறை. ஒரு கணினியில் 'அம்மா' என்று அடித்தது அடுத்த கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துருவோடு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. ஆனால் புத்தகத் தொழில் அந்தப் பக்கம் வர வருடக்கணக்கானது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனில்தான் தமிழக அரசு யூனிகோடையும், டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியேற்றத்தையும் தரம் என்று அறிவித்தது. அதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய ஒரு எழுத்துருத் தொகுப்பு, கணினிக்குப் பின்னால் பூட்டு மாதிரி ஒரு டாங்கிள் செருகினால்தான் திறக்கும். ஒரு நாள் அந்த டாங்கிள் செத்துவிட்டது. விற்ற கம்பெனி கடையைக் கட்டிவிட்டிருந்தது. உள்ளே நானூறு பக்க நாவல். கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் உட்கார்ந்து மறுபடி அடித்தேன். அந்த எழுத்துரு மேல் எனக்கு அவ்வளவு விசுவாசம் இருந்தது. அதன் ல-வும் ழ-வும் அத்தனை அழகு.

இரண்டாவது அடி ஸ்மார்ட்போனில். வட்டாரச் சொல் எங்கே கேட்டாலும் குறித்துக்கொள்வது என் வழக்கம். பஸ்ஸில், சந்தையில், சாவு வீட்டில் கேட்டதெல்லாம் ஐந்து வருடம் போனோடு வந்த குறிப்புச் செயலியில் சேர்ந்திருந்தது. கம்பெனி மாறிப் புதுப் போன் வாங்கிய அன்றுதான், அந்தச் செயலியில் மொத்தமாக வெளியே எடுக்க வழியே இல்லை என்று தெரிந்தது. ஒவ்வொன்றாகப் படம் பிடித்து எடுத்தேன். பாதி எடுப்பதற்குள் பழைய போன் உயிரை விட்டது. நெசவு சம்பந்தமான சொற்கள் போனது போனதுதான். சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை.

ஆகவே, எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நாளைக்கே இதை விட்டுப் போனால் என் சாமானோடு போக முடியுமா? கடைக்காரரிடம் இதைக் கேட்டால் விநோதமாகப் பார்ப்பார். பரவாயில்லை, கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் தமிழ் 99-ஐப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரமாக்கப்பட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அக்கா' என்று அடிக்க அ, க, க, ஆ என்று நாலு தட்டு. நடுவில் உள்ள புள்ளி தானாக விழும். 'பந்து' என்றால் ப, ந, த, உ. ந-வுக்குப் பின் த வந்தால் அங்கே புள்ளிதான் வேண்டும் என்று அதற்கே தெரியும். தமிழ் எப்படி நடக்கும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு சொல்லிலும் விரலுக்குத் தெரியும். இருபது வருடமாக அடித்தும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

கணினியில் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள் போட்டுத் தமிழ் 99 அடிக்கிறேன். ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7-லிருந்தே தமிழ் 99-உம் அஞ்சல் என்ற இன்னொரு விசைப்பலகையும் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொண்டேன். செல்லினத்துக்குப் பின்னாலும், ஆப்பிளின் மேக் கணினியில் இருக்கும் இணைமதி எழுத்துருவுக்குப் பின்னாலும் இருப்பவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். ஐபோன் வாங்கிய முதல் நாள் இரவே அதில் ஒரு பக்கக் கடிதம் அடித்தேன். விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஊர் மாறியும் அதே தெருவில் நடப்பது போல இருந்தது. விசைப்பலகை எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை என்பதால் மட்டுமே அது நடந்தது.

சரி, இந்த மூன்றரை வருடப் புழக்கம். நாள் முழுக்க நான் செய்வதில் பத்தில் எட்டு இரண்டிலும் ஒன்றுதான்: வாட்ஸ்அப், ஜிபே, மின்னஞ்சல், அம்மாவோடு வீடியோவில் பேசுவது. வித்தியாசம் மிச்சம் உள்ள இரண்டில். அச்சகத்திலிருந்து பென்டிரைவில் பிடிஎஃப் வந்தால் என் கை ஆண்ட்ராய்டுக்குத்தான் போகும். பென்டிரைவைப் போனோடு சேர்க்கும் ஓடிஜி இணைப்பானைச் செருகி, கோப்புறையைத் திறந்து, பெயர் மாற்றி, வேறு இடத்தில் போட்டு வைப்பது அதில் எனக்குக் கணினி மாதிரியே இருக்கிறது. நீளமாகப் படிக்கவும், பேரனின் ஆட்டத்தை வீடியோ எடுக்கவும் ஐபோன். படிக்கும்போது தமிழ் எழுத்து அதில் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. கொம்பும் காலும் சரியான இடைவெளியில் நிற்கின்றன. மெய்ப்பு பார்க்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஐபோனுக்குத்தான் அப்டேட் நீண்ட நாள் வரும் என்று ஐபோன்காரர்கள் சொன்னதை முன்பு நான் ஒத்துக்கொண்டதில்லை. அவர்கள் சொன்னது சரிதான். 2021-இல் வந்த ஐபோன் 13-க்கு இன்னும் புதிய ஐஓஎஸ் வருகிறது. ஆனால் இப்போது அந்த இடைவெளியும் குறைந்துவிட்டது. 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. போட்டியால் நமக்குக் கிடைத்த நல்லது இது. வயரும் இப்போது ஒன்றாகியிருக்கிறது. 2012-லிருந்து லைட்னிங் என்ற தனி முனை வைத்திருந்த ஆப்பிள், ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் கொண்டுவந்த பிறகு 2023-இல் ஐபோன் 15-லிருந்து டைப்-சிக்கு மாறியது. வாட்ஸ்அப் உரையாடலை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே முறையாக மாற்றும் வசதி 2021, 2022-இல்தான் வந்தது. அதற்கு முன் அம்மாவின் குரல் பதிவுக்காகவே பழைய போனைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அதை யாராவது பிராண்டு விசுவாசம் என்று கணக்கில் எழுதியிருந்தால் அது தப்புக் கணக்கு.

2023-இல் என் ஆண்ட்ராய்டு மாடிப்படியில் விழுந்து டிஸ்பிளே உடைந்தது. கை தவறிப் போட்டது நான்தான். சென்னை ரிட்சி தெருவில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, நீல நிற ரப்பர் விரிப்பு. விரிப்பின் மேல் வேறொருவரின் ஐபோன் திறந்து கிடந்தது. அதன் ஸ்குரூ தலை ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும், அதற்கென்று தனி ஸ்குரூ டிரைவர். கழற்றியவற்றை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தாரோ அதே வரிசையில் ஒரு காந்தத் தட்டில் வைத்திருந்தார். என் போனை வாங்கி விளிம்பில் சூடு காட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே விட்டு, ஒட்டு விடும்வரை பொறுமையாக இழுத்தார். அவசரமே இல்லை. இரண்டும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது எனக்கு எது எது என்று புரியவில்லை. பாதிக்கு மேல் பேட்டரி, மேலே ஒரு சின்னப் பலகை, கீழே ஸ்பீக்கர்.

"எந்தக் கம்பெனி நல்லதுண்ணே?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: "எது உடையாம திறக்குதோ அது நல்ல போன் சார்."

அவர் போனைக் காட்டச் சொன்னேன். ஒரே மாடலில் செத்துப்போன மூன்று போன்களிலிருந்து ஒன்றாகச் சேர்த்தது. பின்பக்கம் கருப்பு, ஓரம் வெள்ளி. நாலு வருடமாக ஓடுகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தப் புதுப் போன் வாங்கியவர் முகத்திலும் பார்த்ததில்லை.

என் இரண்டு போனுக்கும் இப்போது பேட்டரிதான் வயதைக் காட்டுகிறது. மூன்றரை வருடத்துக்கு அது நியாயம்தான். வரும் சனிக்கிழமை இரண்டையும் அதே கடையில் கொடுக்கப்போகிறேன். மைத்துனரிடம் சொன்னேன், "என்னோடதும் மாத்தணும் மாமா, நானும் வரேன்" என்றார். மூன்றையும் முடிக்க மூன்று மணி நேரமாவது ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அதுவரை எங்கள் இருவர் கையிலும் போன் இருக்காது. பக்கத்தில் எங்கேயாவது காபி குடிக்கப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.